உன் கறியை அதற்குத் தெரியாது

அம்மா,

இன்று காலை ஆய்வுக்கூடத்தில் ஒரு டப்பாவைத் திறந்தேன். கொத்திய ஆட்டுக்கறி. செமோர் பக்கத்து வெள்ளாடு, நேற்று அறுத்தது, ஐஸைப் பார்க்காதது. மூடியைத் திருகியதும் அந்த வாடை வந்தது. எத்தனை முறை சோப்புப் போட்டாலும் உன் விரலிடுக்கில் மிச்சமிருக்குமே, அதே வாடை. பக்கத்து மேசையில் இருந்தவள், "என்னக்கா, கெட்டுப்போச்சா?" என்று கேட்டாள். "இல்லே, நல்லாத்தான் இருக்கு" என்றேன். டப்பாவை மூடிவைத்துவிட்டு வெளியே போய், கார் நிறுத்தும் இடத்தில் வெயிலில் கொஞ்ச நேரம் நின்றேன்.

உனக்கு நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. உயிரோடு இருந்தபோது எழுதியிருந்தாலும் நீ படித்திருக்கமாட்டாய். எஸ்டேட் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நீ. எழுத்துக்கூட்டி வாசிப்பாய், அதுவும் ஜெபப் புத்தகத்தை மட்டும். இதையும் நீ படிக்கப்போவதில்லை. அதனால்தான் தைரியமாக எழுதுகிறேன் போலிருக்கிறது.

பத்து காஜா பக்கத்தில் நாம் இருந்த எஸ்டேட்டை முதலாளிகள் விற்று, அங்கே வீடுகள் கட்ட ஆரம்பித்த வருடம்தான் அப்பா வேறொருத்தியோடு போனார். நீ என்னையும் தம்பியையும் இழுத்துக்கொண்டு லகாட்டுக்கு வந்தாய். ஊர்ச் சந்தையான பாசாரில் ஒரு கறிக்கடையில் தரை கழுவப் போனவள், இரண்டே வருடத்தில் கத்தியைக் கையில் எடுத்தாய். அந்தப் பாசாரில் ஆட்டுக்கறி வெட்டிய ஒரே பெண் நீதான். ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் உச்சத்தில் இருக்கும் என்பதால் சனிக்கிழமை சாயங்காலப் பூசைக்குப் போய்விடுவாய். எலும்பே இல்லாமல் கேட்கிறவர்களிடம், "எலும்பில்லாத ஆடு வேணும்னா டிவியிலதான் பாக்கணும், போலாம்" என்பாய். வரிசையே சிரிக்கும். உன் வாய்க்குப் பயந்துகொண்டே உன்னிடம் வாங்கினார்கள். ஏனென்றால் நேற்றைய கறியை நீ இன்றைக்கு விற்றதில்லை. உறைந்த கறியை உருக்கிப் புதுசு என்று சொன்னதில்லை. கறியைப் பற்றி யாரும் எதையும் உன்னிடம் சந்தேகமாகக் கேட்டதில்லை.

அதே வாய்தான் வீட்டிலும். வீட்டில் சிரிக்க வரிசை இல்லை.

என்னைப் பெண் பார்க்க வந்த நாளைச் சொல்லாமல் இதற்கு மேல் போகமுடியாது. எனக்கு இருபத்தாறு வயது. தைப்பிங்கிலிருந்து வந்திருந்தார்கள். பையனுக்கு என்னைப் பிடித்திருந்தது, எனக்கும்தான். பையனின் அம்மா, "பொண்ணு ரொம்ப ஒல்லியா இருக்காளே" என்று ஏதோ பேச்சுக்குச் சொன்னார். நீ கோப்பித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "எடையெல்லாம் நல்லாப் பாத்து வாங்கிக்கிங்கலா. வீட்டுக்குக் கொண்டுபோய்ட்டு இது முத்தல், வேகலேன்னு திருப்பிக் கொண்டுவரக்கூடாது" என்றாய். தம்பி சிரித்தான். வந்திருந்த ஆண்களில் ஒருவரும் சிரித்தார். பையன் தரையைப் பார்த்தான். அவர்கள் திரும்ப வரவேயில்லை. நீ அன்று சாயங்காலம் குடலைச் சுத்தம் செய்துகொண்டே, "ஒரு பேச்சு தாங்காத சனம் உன்னை எப்படித் தாங்கும்" என்றாய். அதற்குப் பிறகு யாரையும் வரவிடவில்லை நான். நாற்பதைத் தாண்டிவிட்டேன். உன் வீட்டிலேயே இருந்தேன், உன்னோடு பேசாமல்.

என் வேலையைப் பற்றி நீ கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

கண்ணுக்குத் தெரியும் சிவப்பைத் தாண்டி, கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளி இருக்கிறது. அண்மை அகச்சிவப்பு என்று புத்தகத்தில் எழுதுவார்கள். கொத்திய கறியை, அடியில் கண்ணாடி வைத்த வட்டத் தட்டில் அழுத்தி நிரப்பி மெசினுக்குள் வைத்தால், அந்த ஒளி கறிக்குள் கொஞ்சம் இறங்கித் திரும்பும். தண்ணீர் அதில் ஒரு பங்கைக் குடித்துக்கொள்ளும். கொழுப்பு வேறொரு பங்கை, புரதம் இன்னொன்றை. எது எவ்வளவு குறைந்து திரும்புகிறது என்பதைப் பார்த்து, இந்தக் கறியில் இது இவ்வளவு என்று ஒரு நிமிடத்தில் மெசின் சொல்லிவிடும். முன்பெல்லாம் அடுப்பில் உலர்த்தி, கொழுப்பைக் கரைத்து இறக்கி, அமிலத்தில் வேகவைத்து நாள்கணக்கில் செய்த வேலை. இது இன்ன கறியா, வேறு ஏதும் கலந்திருக்கிறதா என்றுகூட ஓரளவுக்கு அது சொல்லும்.

ஆனால் மெசினுக்குச் சொந்த அறிவு கிடையாது. பழைய முறையில் சோதித்த கறிகளை வரிசையாக அதற்குக் காட்டி, இது இப்படி, அது அப்படி என்று முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும். பிறகு எது வந்தாலும் அந்தக் கறிகளோடு ஒப்பிட்டுத்தான் அது பேசும். காட்டாத ஒன்று வந்தால் திரையின் ஓரத்தில் ஒரு மஞ்சள் குறி விழும். நான் பார்த்த கூட்டத்தில் இது இல்லை என்று அதற்குப் பொருள். கெட்டது என்று பொருள் இல்லை. தெரியாது என்று பொருள்.

எங்கள் மெசினுக்குக் காட்டியதெல்லாம் கப்பலில் வந்த உறைந்த செம்மறிக்கறியும், மாட்டுக்கறியும், கோழியும், அவற்றைக் கலந்த கலவைகளும்தான். நம் ஊர் வெள்ளாட்டை யாரும் காட்டவில்லை. இது எனக்குத் தெரியும். காட்டிய கறிகளின் பட்டியலை டைப் செய்தவளே நான்தான்.

போன வருடம், தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது, குணா ஒரு பொட்டலத்தோடு எங்கள் கூடத்துக்கு வந்தார். கேட்டரிங் நடத்துகிறவர்; கட்லெட்டுக்கும் கறிபாப்புப் பலகாரத்துக்கும் உன்னிடம் கொத்துக்கறி வாங்கியவர். ஒரு கல்யாண விருந்தில் கட்லெட் ருசி சரியில்லை என்று யாரோ சண்டை போட்டிருக்கிறார்கள். கறியில்தான் குறை என்று காட்டினால் அவருக்குத் தலை தப்பும். பொட்டலத்தின் மேல் உன் கடை எண்ணை எழுதியிருந்தார். நான் உன் மகள் என்று அவருக்குத் தெரியாது. பாசாருக்கு நான் வருவதே இல்லையே.

அந்த நேரம் நான் மேலாளரிடம் போய், "இது என் அம்மா கடைக் கறி, வேறு யாராவது பார்க்கட்டும்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தட்டை நிரப்பினேன். உள்ளே வைத்தேன். எண்கள் வந்தன, கொழுப்பு குறைவு, ஈரம் கூடுதல், ஆட்டுக்கறியோடு பொருந்தவில்லை, கலப்பாக இருக்கலாம். ஓரத்தில் மஞ்சள் குறி. இன்னொரு முறை நிரப்பி வைத்தேன். அதே எண்கள், அதே குறி.

அறிக்கைப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. மஞ்சள் குறி விழுந்தால் அதில் கோடு போட வேண்டும். போட்டால் அந்த அறிக்கை வெளியே போகாது, வேறு சோதனைக்குப் போகும். நான் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டேன். கை தவறவில்லை, அம்மா. மறக்கவில்லை. பேனா அந்தக் கட்டத்தின் மேல் நின்றது, பிறகு கீழே இறங்கியது. அந்த ஒரு நொடியில் என் மனதுக்குள் என்ன இருந்தது என்று பல நாள் கேட்டுப் பார்த்துவிட்டேன். கோபம் என்று சொல்லிக்கொள்ளலாம். கோபம் இல்லை. சந்தோசம்தான் இருந்தது. வரிசையாகச் சனம் நிற்க, உன் முன்னால் யாரோ உன்னை எடை போடுகிற சந்தோசம்.

மேலாளர் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார். வழக்கப்படி மிச்சக் கறியில் பாதியைக் கோலாலம்பூருக்கு மரபணுச் சோதனைக்கு அனுப்பினார். அதன் முடிவு வர வாரக்கணக்காகும். குணா அதுவரை காத்திருக்கவில்லை. அறிக்கையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டார். இரண்டு நாளில் பாசார் முழுக்கப் பரவிவிட்டது.

நீ மத்தியானமே வீட்டுக்கு வந்தாய். யாருடைய போனிலிருந்தோ அந்தப் படத்தை உன் போனுக்கு வாங்கியிருந்தாய். இங்கிலீசு உனக்குத் தெரியாது. ஆனால் தாளின் மூலையில் இருந்த சின்னத்தை என் சட்டைப் பையில் தினமும் பார்த்திருக்கிறாய்.

"இது உன் ஆபீஸ் சின்னம்தானே?"

"ஆமா."

"நீயா எழுதினே?"

"மெசின் சொல்றதைத்தாம்மா எழுதுவோம்."

நீ போனை மேசையில் வைத்தாய். பிறகு கத்தாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டாய். "அதுக்கு என் கறியைத் தெரியுமா?"

பதினெட்டு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். எங்கள் கூடத்தில் யாரும் அவ்வளவு சரியான கேள்வியைக் கேட்டதில்லை. "அதுக்கு எல்லாக் கறியும் தெரியும்" என்றேன்.

நீ நம்பினாய். அதுதான் என்னால் தாங்கமுடியாதது. என்னைத் திட்டியிருக்கலாம், அடித்திருக்கலாம். நீ நேராகச் செமோருக்குப் பஸ் ஏறிப்போய், இருபது வருடமாக உனக்கு ஆடு தரும் மனிதரிடம், "என்ன தீனி போட்டே, என்ன ஊசி போட்டே" என்று சண்டை போட்டாய். அவர் அழுதிருக்கிறார். உனக்கு ஆடு தருவதை நிறுத்திவிட்டார். மெசின் சொன்னது பொய்யாக இருக்கும் என்று நீ ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. மகள் படித்தவள், மகள் பார்த்த மெசின்.

தீபாவளி வாரத்தில், கடைசியாக வாங்கி வைத்திருந்த ஆடுகள் உன் கொக்கியில் தொங்கின. வரிசை எதிர்க்கடைக்குப் போனது. கறியை வீணாக்க மனம் வராமல் நீ அதைத் துண்டு போட்டு, நீலப் பைகளில் கட்டி, நம் வரிசை வீடுகளுக்கெல்லாம் சும்மா கொடுத்தாய். எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள். "எதுக்கு ஆன்ட்டி சிரமம்" என்றார்கள். மறுநாள் நீ குப்பை கொட்டப் போனபோது, பின்பக்கத் தொட்டியில் அந்தப் பைகள் முடிச்சுக்கூட அவிழாமல் கிடந்தன. ஒன்றை நாய் இழுத்துக்கொண்டிருந்தது. நீ குப்பைப் பையோடு திரும்பி வந்தாய். சமையலறை வாசலில் நின்று, "எத்தனை பை கொடுத்தேன்னு எனக்கு ஞாபகம் இல்லே" என்று மட்டும் சொன்னாய். அடுத்த நாளிலிருந்து கடைக்குப் போகவில்லை.

அதற்கு அடுத்த வாரம் கோலாலம்பூரிலிருந்து முடிவு வந்தது. வெள்ளாடு. வேறு எதுவும் இல்லை. மேலாளர் என்னை அறைக்குள் கூப்பிட்டார். பழைய பதிவைத் திரையில் திறந்து வைத்திருந்தார். "மஞ்சள் குறி இருந்திருக்கிறதே, நீ பார்க்கவில்லையா?" என்று கேட்டார். "கவனிக்கவில்லை சார்" என்றேன். "இனிமேல் கவனம்" என்றார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த தண்டனை. குணாவுக்குத் திருத்தக் கடிதம் போனது. அவர் அதைப் படம் பிடித்து எங்கும் போடவில்லை. ஒரு நகலை எடுத்து என் கைப்பையில் வைத்துக்கொண்டேன், உனக்குக் காட்ட.

அன்று வீட்டுக்கு வந்தபோது நீ ஹாலில் தரையில் உட்கார்ந்திருந்தாய். என்னைப் பார்த்ததும், "சாப்டியா?" என்று கேட்டாய். நீ என்னை அப்படிக் கேட்டு எத்தனை வருடமாயிற்று. கடைக்குப் போகாத உன் தலை கலைந்திருந்தது. சீப்பை எடுத்து வாரிவிட்டேன். நீ தடுக்கவில்லை. "உன் கை மெதுவாத்தான் இருக்கு" என்றாய். கடிதம் பைக்குள்ளேயே இருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

மறுநாளும் வாரிவிட்டேன். அதற்கு மறுநாளும். நீ கடையில்லாமல், கத்தியில்லாமல், வாயில்லாமல் என் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாய். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நீ முழுதாக என் கையில் இருந்தது அப்போதுதான். கடிதத்தைக் காட்டினால் நீ எழுந்துவிடுவாய். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பாசாருக்குப் போய்விடுவாய். அந்த வாய் திரும்ப வந்துவிடும்.

ஒன்பதாவது நாள், தலைவாரும்போது நீயே பேசினாய். "அன்னைக்கு தைப்பிங்காரங்க வந்தப்ப நான் அப்படிப் பேசியிருக்கக்கூடாது. பாசார்ல பேசிப் பேசி எங்க என்ன பேசறதுன்னு தெரியாமப் போச்சு. எல்லார் முன்னாடியும் பேர் கெட்டா எப்படி இருக்கும்னு இப்பத்தான் தெரியுது."

நான் இதற்காகத்தானே அத்தனை வருடம் காத்திருந்தேன். கேட்டுவிட்டேன். அப்போதாவது எழுந்துபோய்ப் பையைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. இன்னும் கொஞ்சம் சொல்லமாட்டாயா என்று சீப்பை மெதுவாக ஓட்டிக்கொண்டே இருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் காலை குளியலறையில் விழுந்தாய். வலது பக்கம் போனது. பேச்சும் போனது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, கடிதத்தை உனக்குத் தமிழில் சொன்னேன். கலப்படம் இல்லை, தப்பு எங்களுடையது என்று சொன்னேன். கட்டத்தில் கோடு போடாமல் விட்டதைச் சொன்னேன். அது வந்து பதினொரு நாள் பைக்குள் வைத்திருந்ததையும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை என்று தம்பி இன்றுவரை சொல்கிறான். உன் இடது கை என் கைக்குள் இருந்தது. நீ என்னையே பார்த்தாய். உனக்கு எல்லாம் விளங்கியது என்று எனக்குத் தெரிந்தது. பிறகு கையை மெல்ல உருவி, போர்வைக்குள் வைத்துக்கொண்டாய்.

அன்றிலிருந்து என் கையால் நீ சாப்பிடவில்லை. தம்பி மனைவி கரண்டியை நீட்டினால் வாய் திறக்கும். பகலில் வரும் தாதி நீட்டினால் திறக்கும். நான் கஞ்சியை எடுத்துவந்தால் உதடு இறுகிவிடும். தம்பி மனைவி, "அத்தை, அண்ணி பாவம்லா, ஒரு வாய் வாங்கிக்குங்க" என்று கெஞ்சுவாள். நீ கண்ணை மூடிக்கொள்வாய். ஏழு வாரம் தினமும் மூன்று வேளை நான் கரண்டியை நீட்டினேன், தினமும் மூன்று வேளை நீ வாயை மூடினாய். உடம்பில் பாதி செத்த பிறகும் உன் பிடிவாதம் முழுதாக இருந்தது. கிறிஸ்மஸ் கழிந்து ஐந்தாம் நாள் நீ போனாய்.

அடக்கத்துக்குக் குணா வந்திருந்தார். மாலை போட்டார். "ஆன்ட்டி கறி சுத்தம்னு எனக்கு அப்பவே தெரியும்" என்று தம்பியிடம் சொன்னார். நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். அவரைத் திட்ட எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

இந்த வருடம் மேலாளரிடம் கேட்டு ஊர் வெள்ளாட்டுக் கறிகளைச் சேர்த்து மெசினுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறோம். செமோர், தஞ்சோங் ரம்புத்தான், பாரிட் என்று பல இடத்திலிருந்து கறி வருகிறது. இன்று காலை நான் திறந்த டப்பாவும் அதற்காக வந்ததுதான். நான் செய்ததையெல்லாம் மேலாளரிடம் ஒப்புக்கொண்டேன். எழுத்தில் ஓர் எச்சரிக்கை கொடுத்தார். "இதை வெளியில் பேசாதே" என்றும் சொன்னார்.

பேசினேன். தீபாவளிக்கு முந்திய ஞாயிறு, கடிதத்தை எடுத்துக்கொண்டு பாசாருக்குப் போனேன். உன் இடத்தில் இப்போது வேறொருவர் உறைந்த கறி விற்கிறார். வரிசையில் நின்றவர்களிடம் ஒவ்வொருவராகச் சொன்னேன். "யார்லா அது?" என்றார்கள் சிலர். "ஓ, அந்த வாய்க்காரம்மாவா, அது முடிஞ்ச கதைலா" என்றார் ஒருவர். புந்தோங்கிலிருந்து வரும் லெட்சுமி அக்கா மட்டும் கீரைக்கட்டைக் கீழே வைத்துவிட்டு முழுதாகக் கேட்டார். நீ வெட்ட ஆரம்பித்த நாளிலிருந்து உன்னிடம் வாங்கியவராம்.

"ஒரு வருசம் கழிச்சு வந்து சொல்றே" என்றார்.

"ஆமாக்கா."

"உங்கம்மா பேரைத் தூக்கி நிறுத்த வந்தியா, உன் பாரத்தை இறக்கி வைக்க வந்தியா?"

நான் கடிதத்தை மடித்தேன். அவர் கீரையைப் பைக்குள் திணித்துக்கொண்டே பேசினார். "அவ கலக்கமாட்டான்னு எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சும் நான் எதிர்க்கடைக்குப் போனேன். அவ என்னைப் பாத்துக்கிட்டே நின்னா. என்கிட்ட வந்து மன்னிப்பு கேக்காதே. நானே கேக்க ஆளில்லாம நிக்கிறேன்."

அவர் போன பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். வழியை மறைக்கிறேன் என்று யாரோ தள்ளிவிட்டுப் போனார்கள்.

இதை எழுதும்போதும் அந்த அக்காவின் கேள்வி என் முன்னால்தான் இருக்கிறது. பொய் சொல்லாமல் ஒன்றை மட்டும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன். ஊரே பார்க்கக் கத்தியோடு நிமிர்ந்து நின்ற அம்மாவை நான் ஒருநாளும் நேசிக்கவில்லை. ஒடிந்துபோய்த் தரையில் உட்கார்ந்து, என்னிடம் தலையைக் கொடுத்தாயே, அந்தப் பதினொரு நாள் அம்மாவை நேசித்தேன். அந்த அம்மாவை உண்டாக்கியது நான்தான். அவளுக்காகத்தான் இப்போதும் அழுகிறேன்.